அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

என் ராத்தா உயர்தரம் படித்த காலத்தில் மாதாமாதம் இரண்டு நாட்கள் பாடசாலைக்குப் போகமாட்டார். வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு கிடப்பார். "பொம்புளைப் புள்ளைகளுக்கு வாறதுதானே, கலியாணம் முடிச்சாச் சரியாகும்" என்பார் எங்கள் உம்மும்மா. கலியாணம் முடிந்தும் சரியாகவில்லை. அது எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரியவர ஏழு வருடங்கள் சென்றன. ராத்தாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கருப்பையின் உட்படலத்தைப் போன்ற இழையம் சூலகம், குடல் போன்ற வேறிடங்களில் வளர்வதே இந்நோய். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதமானோருக்கு இது உண்டு. ஸ்கேனில் எப்போதும் தெரியாது. சிலருக்கு வயிற்றில் சிறு துளையிட்டுக் கமெரா செலுத்திப் பார்க்க வேண்டியும் வரும்.

ஓர் இரத்தப் பரிசோதனை இருந்தால் எவ்வளவு இலேசு! விஞ்ஞானிகளும் அதைத்தான் தேடுகிறார்கள். பரம்பரையலகுகளின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனும் நுண்ணிய மூலக்கூறுகள் இரத்தத்தில் உள்ளன. நோயுள்ளவர்களில் அவற்றின் அளவு மாறுகிறதா என்று ஆராய்கிறார்கள். 2023இல் வெளியான பெரிய ஆய்வொன்று, 60,000க்கும் அதிகமான நோயாளிகளின் தரவுகளிலிருந்து, இந்நோயுடன் தொடர்புடைய 42 இடங்களை நமது பரம்பரைத் தொகுதியில் காட்டியது. ஆனால் அவை நோய் வரும் சாத்தியத்தைச் சொல்லுமே தவிர, நோய் இருக்கிறதென்று உறுதிப்படுத்தமாட்டா. இரத்தக் குறிகாட்டிகளை வைத்து இந்நோயை நிர்ணயிக்க வேண்டாம் என்றே 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டியும் கூறுகிறது.

அந்தப் பரிசோதனை வரட்டும், நானும் எதிர்பார்க்கிறேன். என் பயம் வேறு. நாளை அறிக்கையில் "இல்லை" என்று வந்துவிட்டால், பிள்ளையின் வலியும் இல்லையென்று ஆகிவிடுமா? கடதாசி சொன்னால்தான் மகளை நம்புவோமா?

மாதவிடாய் நாட்களில் மார்க்கமே நமக்குத் தொழுகையிலும் நோன்பிலும் சலுகை தந்திருக்கிறது. நாமோ நோன்பில்லை என்பதைக்கூட வாப்பாவுக்கும் நானாவுக்கும் மறைத்து, சமையலறை மூலையில் நின்று தண்ணீர் குடிக்கிறோம். அதையே சொல்லக் கூசும் நாம் வலியை எப்படிச் சொல்வோம்?

உம்மாமாரே, மகள் மாதாமாதம் படுத்துக்கொண்டால் அந்த நாட்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கலியாணம்வரை காத்திராமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். சத்திரசிகிச்சை செய்து பார்க்காமலே மருந்து தொடங்கவும் வழியுண்டு. தோழிகளே, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், வாய் திறந்து சொல்லுங்கள். என் ராத்தா இழந்த ஏழு வருடங்களை நீங்களும் இழக்க வேண்டாம்.