நா இழந்தால் ஏடு தாங்குமா?

ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள், ஒலியால் ஒன்றுபட்டுப் பொருளால் வேறுபடும் சொற்களை இணையிணையாக மனப்பாடம் செய்வதை நாம் காண்கின்றோம். 'ஸ்டேஷனரி' என்னும் சொல்லின் இறுதிப்பகுதியில் 'ஏ' வந்தால் அசையாது நிற்பது என்று பொருள். அவ்விடத்தில் 'ஈ' வந்தால் எழுதுபொருள். 'பிரே' என்பதில் 'ஏ' வந்தால் இறைவனை வேண்டுதல்; 'ஈ' வந்தால் இரை. ஓரெழுத்துப் பிழையால் வேண்டுகின்றவன் இரையாகிவிடுவான்! இவ்வேறுபாடுகளைக் கற்றல் நன்றே. அதனை நாம் குறை கூறவில்லை.

ஆயினும், இச்சொற்களுள் பல ஏன் மயங்குகின்றன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறைச்சியைக் குறிக்கும் 'மீட்' என்பதும், சந்தித்தலைக் குறிக்கும் 'மீட்' என்பதும் முற்காலத்தில் வெவ்வேறு உயிரொலி பெற்றிருந்தன. வீரனைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல்லின் முதலில் நிற்கும் 'கே' ஒருகாலத்தில் ஒலிக்கப்பட்டதே. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துமுறை நிலைபெற்றது. ஒலியோ மாறிக்கொண்டே சென்றது. நா இழந்துவிட்டதை ஏடு மட்டும் காத்து நிற்கின்றது. ஆகலின், ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைக்கும் இன்று மனப்பாடமே துணை.

இந்நிலை தமிழுக்கும் வந்துகொண்டிருக்கின்றது என்பதே நம் கவலை. அரம் என்பதும் அறம் என்பதும் ஒலியால் வேறுபட்டவை. இன்று பெரும்பாலோர் நாவில் அவ்வேறுபாடு இல்லை. ஆகவே எந்த 'ர' என்று மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அடுத்து மறைந்துகொண்டிருப்பது ழகரம். உழவைப் பற்றி எழுதப் புகுந்து உளவைப் பற்றி எழுதிய விடைத்தாள்களை நாம் திருத்தியிருக்கின்றோம். மணவிழா அழைப்பிதழ் மனவிழா அழைப்பிதழாகி வந்ததையும் கண்டிருக்கின்றோம். இவை கை செய்த பிழைகள் அல்ல. நா செய்த பிழைகள்.

இதற்கு மருந்து நம்மிடமே உள்ளது. நம் பிள்ளைகள் ஓதும் பள்ளியில் எவ்வாறு கற்கின்றனர்? அடிநாவின் கடைக்கோடியில் பிறக்கும் 'காஃப்' கொண்டு 'கல்ப்' என்றால் இதயம். சற்றே முன்னால் பிறக்கும் 'காஃப்' கொண்டு சொன்னால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆயினும் உஸ்தாத் விடுவதில்லை. பிள்ளையை எதிரில் அமர்த்தி, ஓதச் சொல்லி, செவியால் கேட்டு, மக்ரஜ் பிழைத்தால் மீண்டும் ஓதச் செய்கின்றார். இம்முறை தலைமுறை தலைமுறையாய் ஒலியைக் காத்து வந்திருக்கின்றது.

தமிழுக்கும் இந்நெறி புதிதன்று. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எழுத்துப் பிறக்கும் எட்டிடங்களைத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துரைக்கின்றது. அதனைத் தேர்வு வினாவாக மட்டும் நடத்திவிட்டு, மாணவர் வாயில் அவ்வொலி பிறக்கின்றதா என்று கேளாமல் விட்டது ஆசிரியராகிய நம் குறையே. காலையில் அரபு எழுத்தைப் பேணி ஓதிய அதே நா, பத்து மணிக்குத் தமிழ் வகுப்பில் 'பளம்' என்கின்றது. நாவில் குறையில்லை, கேட்கும் செவி அங்கே இல்லை.

வட்டார வழக்கை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. வீட்டிலும் கடைவீதியிலும் அவரவர் பேச்சு அவரவர்க்கு அழகு. வகுப்பறையிலும் மேடையிலும் திருத்தமான ஒலி வேண்டும் என்பதே நம் கருத்து. ஆகவே, ஒவ்வொரு தமிழ் வகுப்பிலும் முதற் பத்து மணித்துளிகள் மாணவர் உரக்க வாசித்தல் வேண்டும். ஆசிரியர் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்டல் வேண்டும். அகமதிப்பீட்டில் வாசிப்புக்கும் மதிப்பெண் ஒதுக்கலாம். இல்லங்களில் பெரியோர் இளையோரை நாளேட்டின் ஒரு பத்தியேனும் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

'தால்' என்பது நாவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல், தாலாட்டு அதிற்பிறந்தது. தாள் என்றால் பாதம். தாழ் என்றால் கதவடைக்கும் தாழ்ப்பாள். இம்மூன்றையும் வேறுபடுத்திச் சொல்லும் நா நம் பேரப்பிள்ளைகளுக்கும் வாய்க்க வேண்டுமாயின், இன்று நாம் அவர்கள் வாசிக்கக் கேட்டாக வேண்டும்.