"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்"

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்தாள். மாமல்லபுரம் பக்கத்தில் கடலோரக் குப்பத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பேர் மட்டும் வேண்டாம். அவள் மகன் இப்போது கல்லூரியில் கடைசி வருஷம். ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்று தேர்வுக்குப் படிக்கிறானாம்.

"நீங்க சொன்னா கேப்பான். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. 2024 தீபாவளிக்கு 'அமரன்' படம் வந்தபோது குடும்பத்தோடு இரண்டு தடவை பார்த்து, அழுது, ஸ்டேட்டஸ் வைத்தவள் இவள். அதைச் சொன்னேன். "அது வேற டீச்சர்" என்றாள்.

அவளை மட்டும் குறை சொல்லவில்லை. நாம் எல்லோருமே அப்படித்தான். அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் சல்யூட், நம் வீட்டுப் பிள்ளை என்றால் "அது வேற".

அந்தப் படம் மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை என்பது உங்களுக்குத் தெரியும். அவர் எங்கோ இருந்தவர் இல்லை. தாம்பரத்துக்காரர். செங்கல்பட்டில் பீச் வண்டி ஏறினால் தாம்பரம் வரும், இன்னும் கொஞ்ச தூரம் போனால் பரங்கிமலை வரும். அவர் வீடும், அதிகாரிகள் பயிற்சி அகாடமியும் நாம் தினமும் போய்வரும் அதே ரயில் பாதையில்தான் இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் பி.காம். படித்தார். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் படித்தார். பரங்கிமலையில் பயிற்சி முடித்து 2006-ல் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். நம் பிள்ளைகள் போகிற கல்லூரிகளிலிருந்து போனவர்தான்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

2014 ஏப்ரல் 24. நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் அன்று ஒரே நாளில் வாக்குப்பதிவு. எனக்கும் தேர்தல் பணி போட்டிருந்தார்கள். கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. காலை முதல் மாலை வரை ஒவ்வொரு விரலாகப் பிடித்து மை வைத்தேன். முடித்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, மண்டல அலுவலர் வண்டிக்காகக் காத்திருந்தோம். இயந்திரங்களை ஒப்படைத்து வீடு வந்து சேர நள்ளிரவு ஆகிவிட்டது. கால் வீங்கியிருந்தது. "இந்த வேலையே வேண்டாம்டா சாமி" என்று வீட்டில் புலம்பினேன்.

அதே நாள் காஷ்மீரில் அனந்த்நாக் தொகுதியிலும் வாக்குப்பதிவு. ஷோபியான் மாவட்டத்தில் பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தேர்தல் குழுவைத் தீவிரவாதிகள் சுட்டார்கள். ஒரு தேர்தல் அலுவலர் இறந்துபோனார். சிலர் காயப்பட்டார்கள். நான் வண்டிக்காகக் காத்திருந்த மாதிரியே பெட்டியும் காகிதமுமாகக் கிளம்பியவர்கள்.

மறுநாள் ஏப்ரல் 25. அந்தத் தாக்குதலில் தொடர்புடையவர்கள் என்று கருதப்பட்டவர்கள் ஷோபியானில் காஜிபத்ரி என்ற கிராமத்தில் பதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. 44-ஆவது ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் படையிலிருந்து ஒரு குழுவை அழைத்துக்கொண்டு முகுந்த் போனார். அவர்கள் ஒளிந்திருந்த வீட்டுக்குள் தானே முன்னால் நுழைந்தார். மூன்று தீவிரவாதிகள் கொல்லப்பட்டார்கள். அவரோடு போன விக்ரம் சிங் என்ற வீரர் அங்கேயே உயிரிழந்தார். முகுந்த் வீட்டை விட்டு வெளியே வந்தார். அப்புறம்தான் சரிந்து விழுந்தார். உடம்பில் குண்டுகள். அவருக்கு வயது 31. மனைவி இருந்தார், சின்னப் பெண் குழந்தை இருந்தது.

அவருக்கு அசோக சக்ரா விருது அறிவித்தார்கள். 2015 குடியரசு தினத்தன்று டெல்லியில் அவர் மனைவி குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கையால் அதை வாங்கிக்கொண்டார். போர்க்களத்து வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா எப்படியோ, மற்ற இடங்களில் காட்டும் வீரத்துக்கு அசோக சக்ரா அப்படி. அதற்கு மேல் விருது கிடையாது.

செய்தியைப் படித்தபோது என் கையில் இருந்த மை இன்னும் போகவில்லை. எனக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. நான் பார்த்த அதே வேலையைப் பார்த்த ஒரு மனிதரைச் சுட்டவர்களைத் தேடித்தான் அவர் போனார். வீரம் என்றால் எல்லையில் கொடி நடுவது என்றே நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து பயமில்லாமல் மை வைக்க முடிகிறதே, அதற்கும் யாரோ காவல் நிற்க வேண்டும் என்பதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பல வருஷம் முன்னால், ஒரு அப்பா கேட்டுக்கொண்டார் என்பதற்காக அவர் மகனிடம் "ராணுவம் நமக்கு வேண்டாம்பா" என்று சொன்னேன். என் பேச்சைக் கேட்டான். இன்றைக்கு ஒரு கம்பெனியில் நன்றாக இருக்கிறான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி "நல்லா இருக்கேன் டீச்சர்" என்பான். அந்தப் பேச்சை மட்டும் அவனும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. அவன் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு ஒன்றுமே தெரியாத விஷயத்தில், டீச்சர் என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளையின் வழியை மாற்றினேன். அது தப்பு.

அதனால் இவளிடம், "வேணாம்னு சொல்ல மாட்டேம்மா. போன்னும் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்றேன், முடிவு அவன் பண்ணட்டும்" என்றேன்.

அவள் கோபமாக, "பெத்தவளுக்குத்தான் டீச்சர் தெரியும்" என்றாள். நியாயம்தான். அப்போது ஒன்று கேட்டேன். "உங்க அப்பா விடியறதுக்கு முன்னாடி கட்டுமரம் தள்ளிட்டுப் போவாரே, உங்க அம்மா என்னைக்காவது போகாதீங்கன்னு சொன்னாங்களா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "காத்து எப்படியிருக்குன்னு கேப்பாங்க" என்றாள். பிறகு, "ஆனா அது பொழப்பு டீச்சர்" என்றாள். ஆமாம், பிழைப்புதான். ராணுவத்துக்குப் போகிற பல வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது பிழைப்புதான். அதில் குறைவு ஒன்றுமில்லை.

பையன் வரும்போது நானும் காற்று எப்படி இருக்கிறது என்றுதான் சொல்லப் போகிறேன். குறுகியகாலப் பணி என்றால் முதலில் பத்து வருஷம், விரும்பினால் இன்னும் நாலு வருஷம் நீட்டிக்கலாம் என்று சொல்வேன். எந்தச் சண்டைக்கு அனுப்புவார்கள் என்பதைச் சிப்பாயும் அதிகாரியும் தேர்ந்தெடுப்பதில்லை என்றும் சொல்வேன். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1972-ல் இதே பரங்கிமலையில் பயிற்சி முடித்தவர். 1987 நவம்பரில் இலங்கையில், அமைதிப் படையில் இருந்தபோது உயிர்விட்டார். பரம் வீர் சக்ரா வாங்கிய தமிழர் அவர். எதிரே நின்றவர்களும் தமிழர்கள். அந்தக் கசப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விக்ரம் சிங் பேரையும் சொல்வேன். அதிகாரி ஆவது என்றால் தன்னை நம்பிப் பின்னால் வருகிற ஒருவன் உயிருக்கும் பொறுப்பு ஏற்பது. படம் பார்த்து வந்த ஆசைக்கு அது புரிந்திருக்கிறதா என்று கேட்பேன். புரிந்தும் போகிறேன் என்றால், தடுக்க நான் யார்?

உறவினர்களே, பெற்றோர்களாகிவிட்ட என் பிள்ளைகளே, உங்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அந்தப் பயம் முகுந்தின் அம்மாவுக்கும் இருந்திருக்கும். பயந்தால் பிள்ளையிடம் பயமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். அதற்குப் பதிலாக "அதெல்லாம் நமக்கு எதுக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நமக்காகத்தான் யாரோ போனார்கள்.

அடுத்த வாரம் பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அம்மாவும் கூட வருகிறாளாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்