மூன்று சென்சருக்கு முழு மோட்டரா?



ஈ-பைக் உதறுது, திணறுது, நிண்ட இடத்தை விட்டுக் கிளம்ப மாட்டன் எண்டுது. கடையில வழக்கமான பதில்: "மோட்டர் போச்சு, முழுசா மாத்தோணும்." இதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஹப் மோட்டருக்குள் காந்தங்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது மூன்று ஹால் சென்சர்கள். ஒன்று செத்தாலே சில்லு உதறும். உள்ளே போன மழைத்தண்ணி, அச்சுக்குப் பக்கத்தில் நசுங்கின வயர், அளவுக்கு மீறின சூடு, இவைதான் வழமையான காரணங்கள். சென்சரின் விலை ஒரு கோப்பியின் விலைகூட வராது.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். சில்லைத் தூக்கி வையுங்கோ, பவரைப் போடுங்கோ. சென்சர் கனெக்டரில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் 5 வோல்ட் அளவு வர வேணும். வராவிட்டால் பிழை கன்ட்ரோலரில் அல்லது வயரில். வந்தால், மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சில்லை மெதுவாகக் கையால் சுத்துங்கோ. கியர் மோட்டர் எண்டால் பின்பக்கமாக. அளவு 0க்கும் 5க்கும் மாறி மாறி வரும். மாறாமல் நிற்கிற வயரில்தான் பிரச்சினை.

இது ஏன் அரசியல்? 2023 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், டெலிவரூ ரைடர்களுக்கும் கம்பெனிக்கும் வேலை உறவு இல்லை என்றது. பைக் ரைடருடையது, பழுதும் ரைடருடையது. பைக் நிண்டால் அன்றைய கூலி இல்லை.

சட்டமும் கைகொடுக்கவில்லை. பிரிட்டனின் 2021 பழுதுபார்க்கும் உரிமை விதிகள் வாஷிங் மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் உண்டு, ஈ-பைக்குக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரிச் சட்டம் 2027 பெப்ரவரியிலிருந்து ஈ-பைக் பேட்டரியைக் கம்பெனிக்கு வெளியே உள்ள மெக்கானிக்கும் மாற்றக்கூடியதாக்கச் சொல்லுது. நல்லது, ஆனால் மோட்டர் அதில் இல்லை.

"பாதுகாப்பு" என்பார்கள். லித்தியம் பேட்டரியைத் தெரியாமல் உடைத்தால் தீப்பிடிக்கும், உண்மை. அதைத் தொடாதீங்கோ. 5 வோல்ட் சென்சருக்கு அந்தக் கதை பொருந்தாது.

"நாங்கள் சும்மா திருத்திக் குடுத்தால் லாபம் கம்பெனிக்குத்தானே?" என்று சில தோழர்கள் கேட்கினம். நியாயமான கேள்வி. திருத்திப்போட்டு அனுப்பிவிட்டால் அது தருமம். அதே மேசையில் பத்து ரைடர்களை இருத்தி, பழுதுக்கு யார் காசு கட்ட வேணும் எண்டு பேசினால் அது அமைப்பு.

ஒவ்வொரு கிளையும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கோ. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மண்டபம், ஒரு மேசை. கோரிக்கை இரண்டு: வயரிங் வரைபடத்தை வெளியிடு, உதிரிப்பாகத்தை எல்லாருக்கும் வில்.