வாதாபிக்குப் பிறகு

அன்புள்ள காஞ்சிபுரத்து ஊராருக்கு,

பல்லவர் தளபதி பரஞ்சோதி என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது தீப்பற்றி எரியும் சாளுக்கியர் தலைநகர் வாதாபிதான். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்த தலைமுறைகளுக்கு அந்தத் தீ இன்னும் அணையவில்லை. ஆனால் ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசையில் அவர் நிற்பது நகரத்தை எரித்ததற்காக அல்ல. வாளை வைத்துவிட்டு வீடு திரும்பி, மனைவி மகனோடு வாழ்ந்து, வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டதற்காக. நாம் கொண்டாடுவது அவர் வாழ்க்கையின் முற்பாதியை. தமிழ் மரபு கும்பிடுவது பிற்பாதியை. இந்தப் பிசகு கதை படிப்பதோடு நின்றிருந்தால் கடிதம் எழுத வேண்டியதில்லை. இன்று பட்டாளத்திலிருந்து ஊர் திரும்புகிறவர்களை நாம் நடத்தும் விதத்திலும் அது தெரிகிறது.

முதலில் அந்த வெற்றியின் கணக்கைப் பார்ப்போம். மணிமங்கலத்திலும் வேறு களங்களிலும் சாளுக்கிய மன்னன் புலிகேசியைப் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் முறியடித்ததை, காஞ்சிக்குப் பக்கத்திலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு சொல்கிறது. வாதாபியாக இருந்த பாதாமியின் பாறையில் பல்லவர் கல்வெட்டே இருக்கிறது. 642ஆம் ஆண்டையொட்டி வாதாபி விழுந்தது. பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுக்குள் சாளுக்கிய முதலாம் விக்கிரமாதித்தன் அதை மீட்டுக்கொண்டான். வாதாபி விழுந்து ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள்ளேயே வந்துவிட்டான். ஊரை அழிக்காமல், கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அவன் வெட்டிவைத்த கன்னட எழுத்து அந்தக் கோயில் தூணில் இருக்கிறது. (பழிவாங்கலில் நம்மைவிட அவர்கள் நாகரிகமாக நடந்துகொண்டார்களோ என்று அதைப் படிக்கும் யாருக்கும் ஒரு சங்கடம் வரும்.) அத்தனை உயிர்ச்சேதத்தின் பலன் ஒரு தலைமுறைகூட நிற்கவில்லை. பரஞ்சோதி தம் ஊரான செங்காட்டங்குடியில் போட்ட சோற்றின் நினைவோ இன்றைக்கும் சித்திரைப் பரணியில் அமுது படையலாக நடக்கிறது.

அவர் திரும்பி வந்த விதத்தை எழுதியவரும் நம் பக்கத்துக்காரர்தான், குன்றத்தூர்ச் சேக்கிழார். வாதாபியிலிருந்து யானையும் குதிரையும் பொன்னுமாக வந்த தளபதியைப் பார்த்து மன்னன் வியக்கிறான். இவர் சிவனடியார், அதனால்தான் இவரை வெல்ல ஆளில்லை என்று அமைச்சர்கள் சொல்கிறார்கள். கேட்டதும் மன்னன் பெருமைப்படவில்லை, பதறுகிறான். அடியார் ஒருவரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என்று அவரிடமே பொறுத்தருளச் சொல்கிறான். பெருஞ்செல்வமும் வாழ்வுக்கான மானியமும் கொடுத்து, இனி உமக்கு விருப்பமான பணியைச் செய்யும் என்று விடை தருகிறான். படைவீரனை அனுப்பிவைத்த அரசே அவனிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி உலக இலக்கியத்தில் எத்தனை இருக்கும்? ஊருக்கு வந்தவர் திருவெண்காட்டு நங்கையை மணந்து இல்லறம் நடத்தினார். அடியார் ஒருவருக்கு அமுது படைக்காமல் தாம் உண்பதில்லை என்று வைத்துக்கொண்டார். அவர்கள் முன் தம்மைச் சிறியவராகவே நடத்திக்கொண்டதால் சிறுத்தொண்டர் ஆனார். படை நடத்தியவருக்கு இப்படி ஒரு பெயர். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அவரைக் குறிக்கும்போது ஊர்ப் பெயரும் இந்தத் தொண்டுப் பெயரும்தான் வருகின்றன, வாதாபி வரவில்லை.

இது புராணம், வரலாறல்ல என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். சேக்கிழார் எழுதியது போர் நடந்து ஐந்நூறு ஆண்டு கழித்து. கூரம் செப்பேடோ அரசன் புகழைப் பாடுகிறதே தவிர, தளபதியின் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் ஒரு சமூகம் ஐந்நூறு ஆண்டு ஒரு மனிதரை எதற்காக நினைவில் வைத்திருந்தது என்பதும் சான்றுதான். இதைவிடக் கடினமான மறுப்பு இன்னொன்று உண்டு. பைரவராக வந்த இறைவன் கேட்டார் என்று பெற்ற மகன் சீராளனையே அறுத்துச் சமைத்தவரைக் மனைவி மகனோடு வாழ்ந்தவர் என்று எப்படிப் போற்றுவது? அந்தப் பகுதியை மென்று விழுங்கிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அது யாருக்கும் முன்மாதிரி அல்ல. பிள்ளை பள்ளியிலிருந்து வருவதுபோல் ஓடி வந்தான் என்று முடிந்தாலும் நெஞ்சு ஆறுவதில்லை. இருந்தாலும் இந்தச் சோதனை அறுபத்து மூவரில் ஒரு போர்த்தளபதிக்கு வந்ததை யோசித்துப் பாருங்கள். வாதாபியில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் திரும்பி வராமல் போயிருப்பார்கள்? இந்தச் சோதனை அந்தப் பிள்ளைகளுக்கான கணக்கு என்று சேக்கிழார் சொல்லவில்லை. நான் அப்படிப் படிக்கிறேன். போர் முடிந்த பின்னும் போர்வீரனின் வீட்டு வாசலுக்கு ஏதோ ஒன்று வந்து நின்று கணக்குக் கேட்கிறது. படைவீரர் குடும்பங்களில் இதைப் புரிந்துகொள்பவர்கள் இருப்பார்கள்.

இனி இன்றைய நிலை. 2022க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து பதினேழு ஆண்டு முடித்து வரும்போது பெரும்பாலும் நாற்பதைத் தொட்டிருக்க மாட்டார். ஊர் அவரை ‘மிலிட்டரிக்காரர்’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறது. அப்புறம் ஏதாவது ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார வைக்கிறது. பென்ஷன் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது, மருத்துவத் திட்டம் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று கேட்கலாம். 1986இல் தமிழக அரசு தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ பலருக்கு வேலையும் கொடுத்திருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் மன்னன் கொடுத்த மானியம். அதற்கப்புறம் உள்ளது ஊரின் பங்கு. மானியம் கையில் இருந்தும் சிறுத்தொண்டர், அடியார் வராத நாளில் தெருவில் இறங்கி அமுதூட்ட ஆள் தேடினார். அன்றன்றைக்கு ஒரு வேலை அவருக்குத் தேவைப்பட்டது. அமெரிக்கா 1944இல் சட்டம் போட்டு, இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களில் 78 லட்சம் பேரைக் கல்லூரிக்கும் தொழிற்பயிற்சிக்கும் அனுப்பியது. கறுப்பின வீரர்களை அதிலும் பெருமளவு ஒதுக்கியது. அந்த நாட்டை அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். வந்தவன் அடுத்து என்ன ஆகப்போகிறான் என்று கேட்டார்களே, அதுதான் விஷயம். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நான்கு ஆண்டு முடித்தவர்களில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர்தான் படையில் நீடிப்பார்கள். மற்றவர்கள் இருபத்தைந்து வயதையொட்டி, கையில் ஒரு தொகையோடு, பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு வருவார்கள்.

தறி வைத்த வீட்டில் சும்மா உட்காரும் ஆள் இருப்பதில்லை என்பது காஞ்சிக்குத் தெரியும். நெய்ய முடியாத பாட்டியும் தார் சுற்றுவாள். சேலைக் கரைக்குக் கோர்வை போடப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்த வழக்கத்தை ஊர் அளவுக்கு நீட்டிப் பார்க்கச் சொல்கிறேன். 2019இல் அத்திவரதரைப் பார்க்க 48 நாளில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். நெரிசலில் உயிர்களும் போயின. கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் மயங்கி விழுந்தவரைத் தூக்கவும் பழகிய கைகள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. கோயில் திருவிழாக் குழுவில், பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில், பள்ளி மேலாண்மைக் குழுவில் அவர்களுக்கு இடமும் பொறுப்பும் கொடுப்பதற்கு டெல்லியில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து நாங்கள் கும்பாபிஷேகத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை, திரும்பி வரும் இளைஞர்கள் விட்ட படிப்பைத் தொடர ஒதுக்கலாம். வரும் பங்குனி உத்திரத் திருவிழாவில் அறுபத்து மூவர் புறப்பாட்டுக்குத் தோள் கொடுக்க ஆள் தேடும்போது, உங்கள் தெரு மிலிட்டரிக்காரர் வீட்டுக் கதவை முதலில் தட்டுங்கள்.

இப்படிக்கு,
கடல்கடந்த காஞ்சிக்காரன்