வழியில்தானே இருக்கிறது என்று சேர்க்காதீர்கள்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் டிராவல்ஸ் இருக்கிறது. வண்டியைக் கணவரும் டிரைவர் அண்ணன்களும் பார்த்துக்கொள்கிறார்கள். எந்தத் தேதி, எந்த வழி, எங்கே சாப்பாடு, எங்கே தங்கல் என்று வருகிறவர்களுக்குத் திட்டம் எழுதிக் கொடுப்பது என் வேலை. காலாண்டு விடுமுறையும் மே மாதமும் வந்தால் போன் ஓயாது. பெரும்பாலும் ஒரே பாதைதான் கேட்பார்கள். திருச்சியில் ரயிலைவிட்டு இறங்கி ஸ்ரீரங்கம், சமயபுரம். பிறகு பிள்ளையார்பட்டி, காரைக்குடி, ராமேஸ்வரம். கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக ஒரு குரல் வரும்: "அக்கா, நடுவுல சித்தன்னவாசல்னு ஒண்ணு இருக்காமே? வழியிலதானே, அதையும் சேர்த்துக்குங்களேன்."

இந்த வேண்டுகோளுக்கு நான் உடனே சரி சொல்வதில்லை. எங்கள் மாவட்டத்துப் பழைய இடங்களை யாரும் பார்க்காமல் போய்விடக் கூடாது என்ற ஆசை எனக்கு நிறைய உண்டு. அதனால்தான் தயங்குகிறேன். சேர்ப்பதென்றால் அரை நாள் கொடுங்கள். அதற்காக வேறொன்றைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அரை நாள் இல்லையென்றால் இந்த முறை சேர்க்கவே வேண்டாம். கேட்கிற ஒவ்வொரு குடும்பத்திடமும் இதைத்தான் சொல்கிறேன்.

நடைமுறையில் என்ன நடக்கிறதென்று பாருங்கள். காலையில் ஸ்ரீரங்கம் முடியவே பத்தரை, பதினொன்று ஆகிவிடும். மதியம் கோயில்களில் நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணியாவது ஆகும். நடுவில் நான்கு மணி நேரம் சும்மா கிடக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இடிபாடுகள் நினைவுக்கு வருகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு நடை சாத்துவது கிடையாது. ஆக, சித்தன்னவாசல் பாறைக்கு மனிதர்கள் வந்து சேருவது உச்சி வெயிலில், பசியோடு, சாயங்காலம் பிள்ளையார்பட்டிக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தோடு. பாட்டி வண்டியை விட்டு இறங்க மாட்டார். குழந்தை அழும். அப்பா மட்டும் விறுவிறுவென்று ஏறி நான்கு படம் எடுத்துக்கொண்டு இறங்குவார். 'பெரிசா ஒண்ணும் இல்ல' என்ற தீர்ப்போடு வண்டி கிளம்பும்.

அந்தத் தீர்ப்பு எனக்கு வலிக்கிறது. அங்கே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கிறது சித்தன்னவாசல். அங்கே பார்க்க வேண்டியவை முக்கியமாக இரண்டு. ஒன்று, மலையின் மேற்குச் சரிவில் குடையப்பட்ட அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரை. இதைப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் புதுப்பித்து முன்மண்டபமும் எடுத்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. உலகம் பேசும் ஓவியங்கள் இதற்குள்தான் இருக்கின்றன. வெளி வெயிலில் இருந்து உள்ளே போனவுடன் எதுவும் புலப்படாது. அழுக்கேறிய சுண்ணப் பூச்சு, ஆங்காங்கே உதிர்ந்த திட்டுகள், அவ்வளவுதான். பெரும்பாலோர் இந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கண் பழகப் பழகக் கூரை முழுக்கத் தாமரைக்குளமாக விரியும். இலைகளுக்கு நடுவே மீன் தெரியும். பிறகு வாத்து, எருமை, யானை. பிறகு தண்டோடு தாமரையைப் பறித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் ஆள். தூணில் ஆடுகிற பெண்ணின் கை வளைவு கடைசியில்தான் பிடிபடும். கருவறை நடுவில் நின்று மெல்ல 'ம்' என்று நீட்டினால் சுவரெல்லாம் சேர்ந்து முழங்கும். காவலர் அண்ணன் சொல்லித் தருவார். அவரிடம் கேட்க நேரம் வேண்டும்.

இரண்டாவது, ஏழடிப்பட்டம். அதே மலையில் ஏறி உச்சியைக் கடந்து கிழக்குப் பக்கம் இறங்கினால், பாறை முகத்தில் இயற்கையான குகை. உள்ளே பதினேழு கற்படுக்கைகள், வழுவழுவென்று இழைக்கப்பட்டவை. தலை வைக்கும் இடம் மட்டும் சற்றே உயர்த்தித் தலையணைபோல் செதுக்கியிருக்கிறார்கள். இருப்பதிலேயே பெரிய படுக்கையின் ஓரத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்து. மற்றவற்றில் பிற்காலத் துறவிகள் சிலரின் பெயர்கள். உண்ணாநோன்பிருந்து உயிரைவிட்ட சமண முனிவர்களின் இடம் இது. ஏறி இறங்க, நின்று மூச்சு வாங்க, முக்கால் மணி நேரமாவது வேண்டும். இரண்டு இடங்களையும் இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இரண்டையுமே பார்ப்பதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குக் காலை ஏழு மணிக்கெல்லாம் புதுக்கோட்டையிலிருந்து கிளம்பும்படி திட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒரு கோயிலைக் குறைத்ததில் அந்த அம்மாவுக்கு என்மீது கொஞ்சம் வருத்தம். ஒன்பதாவது படிக்கும் மகள் ஒருத்தி, போனிலிருந்து தலை நிமிராதவள். அன்று மாலை அவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அந்தப் பெண்தான் பேசினாள். "ஆன்ட்டி, அந்தப் படுக்கைக்குப் பக்கத்துல ஏன் இன்னொரு படுக்கை? சாகறதுக்குக்கூடத் துணைக்கு ஆள் இருந்தாங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. இப்படியொரு கேள்வியோடு ஒரு பிள்ளை ஊர் திரும்புவதைவிட ஒரு விடுமுறை வேறென்ன தர முடியும்?

நார்த்தாமலையும் இப்படித்தான். திருச்சி-புதுக்கோட்டை சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே விலகியிருக்கும் ஊர். முத்துமாரியம்மன் கோயிலுக்கு வந்து போகிறவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் பின்னாலிருக்கும் மேலமலையில் ஏறி விஜயாலய சோழீச்சரத்தைப் பார்க்கிறவர்கள் அவர்களில் மிகச் சிலர். வெட்ட வெளிப் பாறைச் சரிவில் நடக்க வேண்டும். நிழல் கிடையாது. காலை ஒன்பதுக்கு மேல் மே மாதத்தில் அங்கே யாரையும் நான் அனுப்புவதில்லை. சரிவின் முடிவில், சதுரமான கட்டடத்துக்குள் வட்டமான கருவறை கொண்ட ஒரு கற்றளி, சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள், எதிரே பாறையைக் குடைந்த குகைகள். அவற்றில் ஒன்றான சமணர் குடகில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன.

பெயரில் சோழன் இருந்தாலும் கட்டியவர் ஒரு முத்தரையர். அந்தக் கோயிலின் கல்வெட்டை நான் எல்லோரிடமும் சொல்லி அனுப்புவேன். சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளியை மழை இடித்துவிட்டது. மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்பது அதன் செய்தி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்று பார்க்கும் கோயில் அப்போதே ஒருமுறை விழுந்து எழுந்தது. புதுப்பித்தவர் தன் பெயரை மட்டும் பொறித்துக்கொண்டு போயிருக்கலாம். முதலில் கட்டியவரின் பெயரையும் விடாமல் சொல்லியிருக்கிறார். இதை அந்தப் பாறையில் நின்று ஒரு பையனுக்குச் சொல்லிப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாக வந்த முத்தரையர்கள் அவனுக்கு மனிதர்களாகிவிடுவார்கள்.

எல்லோருக்கும் எல்லா இடமும் ஒத்துவராது. வயதானவர்கள் கூட வந்தால் நான் மலை சொல்வதில்லை, கொடும்பாளூர் சொல்கிறேன். திருச்சி-மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலைக்குப் பக்கம். சமதளம், முழங்கால்வலிக்குப் பயமில்லை. இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரிலும் எடுத்த மூன்று கோயில்களில் இன்று நிற்பவை இரண்டு. வடக்கே இருந்ததற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு வானதியின் ஊர் என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அரண்மனை இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு வருகிறவர்களும் உண்டு. அரண்மனை இல்லை, புல்வெளியும் இரண்டு விமானங்களும்தான் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். தெரிந்து போகிறவர்கள் ஏமாறுவதில்லை. ஓடியாடும் பிள்ளைகள் என்றால் திருமயம் கோட்டை. 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது, காரைக்குடி சாலையிலேயே இருக்கிறது, உச்சியில் பீரங்கி உண்டு. பொற்பனைக்கோட்டை பற்றியும் இப்போது கேட்கிறார்கள். 2023இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியதிலிருந்து பத்திரிகைகளில் பெயர் அடிபடுகிறது. பொன்னணி, எலும்பு முனைக் கருவி, கார்னீலியன் மணி என்று கிடைத்தவையும் அருமையானவை. ஆனால் சாதாரணக் கண்ணுக்கு அங்கே தெரிவது மண்மேடும் அகழியின் தடமும்தான். விவரம் சொல்ல ஆள் இல்லாமல் குழந்தைகளோடு இப்போதைக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

"கொஞ்சமாவது பார்க்கட்டுமே, ஒன்றும் பார்க்காமல் போவதற்கு அது பரவாயில்லையே" என்று என் அண்ணனே என்னோடு வாதாடுவார். எனக்கு ஒப்புதல் இல்லை. உச்சி வெயிலில் பாறைமேல் இழுத்துச் செல்லப்பட்ட பிள்ளைக்குப் பழைய கல் என்றாலே சலிப்பு என்று பதிந்துவிடுகிறது. அடுத்த விடுமுறையில் அது 'வேண்டாம்' என்கிறது. வளர்ந்து தன் பிள்ளைகளையும் அழைத்து வருவதில்லை. அவசரமாகப் பார்த்தது பார்க்காததைவிடக் கெடுதல் செய்கிறது. கம்போடியாவில் அங்கோர் வாட்டுக்கு ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்று நாள் கணக்கில்தான் சீட்டு விற்கிறார்கள். எங்களிடம் வருகிறவர்களிலேயே அங்கே போய் மூன்று நாள் சீட்டு வாங்கிச் சுற்றியவர்கள் இருக்கிறார்கள். அதே குடும்பம் சித்தன்னவாசலுக்கு இருபது நிமிடம் போதும் என்கிறது. தூரத்தில் இருப்பதற்குத் தரும் மரியாதையில் கால்வாசியைப் பக்கத்தில் இருப்பதற்குத் தந்தாலே போதும்.

தவறு முழுக்க வருகிறவர்கள் பக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய இடத்தைத் திட்டத்தில் சேர்க்கலாமா என்று வீட்டில் பேச்சு வரும்போது பெண்கள் முதலில் கேட்பது, "அங்கே பாத்ரூம் இருக்கா?" அந்தக் கேள்விக்கு இந்த மாவட்டத்தின் எல்லா இடங்களுக்கும் தைரியமாக "இருக்கு" என்று சொல்ல என்னால் முடியவில்லை. சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், உட்கார ஒரு நிழல், உள்ளூர்ப் பிள்ளைகளில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து நிறுத்துவது. இந்த நான்கும் வந்துவிட்டால் வண்டிகள் தானாக நிற்கும். கோடிக்கணக்கில் அழகுபடுத்தும் திட்டங்களுக்கு முன்னால் இவற்றைச் செய்ய வேண்டும் என்று சுற்றுலாவுக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குத் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிற எங்கள் பிள்ளைகளில் சிலருக்காவது ஊரிலேயே பிழைப்பும் கிடைக்கும்.

சரி, எப்படிச் சேர்ப்பது? முதல் நாள் இரவே புதுக்கோட்டையில் தங்குங்கள். முட்டை மாஸ் கிடைக்கும் கடையை டிரைவர் அண்ணனே காட்டுவார். மறுநாள் விடியலில் கிளம்பி நார்த்தாமலையோ சித்தன்னவாசலோ ஏதாவது ஒன்று. இரண்டும் வேண்டாம். தொப்பி, தண்ணீர், வழுக்காத செருப்பு. பதினொரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நிழலில் நிதானமாகப் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காரைக்குடி கிளம்பினால் சாயங்கால நடைதிறப்புக்குப் பிள்ளையார்பட்டி போய்விடலாம். திட்டத்தில் குறைவது ஒரே ஒரு கோயிலோ ஒரு துணிக்கடையோதான்.

தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.