"சரி" என்றால் கோபமா?

"பொங்கலுக்கு வர முடியாது அம்மா. லீவு கிடைக்கவில்லை."

சென்னையில் வேலை பார்க்கும் மகன், ஊரில் இருக்கும் தாய்க்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுகிறான்.

"சரி" என்று தாய் பதில் அனுப்புகிறாள்.

அவ்வளவுதான்! மகனின் முகம் வாடிவிடுகிறது. "அம்மாவுக்குக் கோபம்" என்று மனைவியிடம் சொல்கிறான். "நான்தான் தடுத்தேன் என்று அத்தை நினைக்கிறார்கள்" என்று அவள் கண்ணைக் கசக்குகிறாள்.

ஊரில் நடந்தது என்ன? அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. தாய் ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். அவளுக்குக் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை!

இப்படிக் கலங்கும் குடும்பங்கள் எத்தனை எத்தனை!

குரல் எங்கே?

வாயால் சொல்லும்போது "சரி" என்பது ஒரு வார்த்தை அல்ல. "சரிப்பா" என்றால் அன்பு. "சரி, சரி" என்றால் அவசரம். வெடுக்கென்று "சரி!" என்றால் கோபம். "ரொம்ப நன்றாயிருக்கிறது!" என்பது பாராட்டாகவும் இருக்கலாம், திட்டாகவும் இருக்கலாம். குரலைக் கேட்டால் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும்.

செல்போனில் எழுத்து மட்டும் போகிறது. குரல் போவதில்லை.

அந்தக் காலத்துக் கடிதத்திலும் குரல் இல்லையே என்று கேட்கலாம். ஆனால் அதில் "நலம், நலமறிய ஆவல்" என்று ஒரு வரி இருந்தது. பாட்டியைக் கேட்டதாக எழுதினார்கள். கன்றுக்குட்டியைக்கூட விசாரித்தார்கள். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதுகிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தந்தி வேறு ரகம். வார்த்தைக்கு வார்த்தை காசு. ஆகவே சுருக்கமாக அடித்தார்கள். தந்தி வந்தது என்றாலே வீடு நடுங்கும்! இந்தியாவில் 2013-ம் ஆண்டு ஜூலை மாதம் தந்தி சேவை நின்றுவிட்டது. இன்று வார்த்தைக்குக் காசு இல்லை. இருந்தும் ஜனங்கள் தந்தி மாதிரியேதான் எழுதுகிறார்கள். இது என்ன சிக்கனமோ!

படித்தவர்களும் தப்பவில்லை

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1982-ல் கம்ப்யூட்டர் நிபுணர்கள் ஒருவருக்கொருவர் கம்ப்யூட்டர் மூலம் செய்தி எழுதிக்கொண்டார்கள். லிப்டில் பாதரசம் கொட்டிவிட்டதாக ஒரு வேடிக்கைச் செய்தி வந்தது. சிலர் அதை நிஜம் என்று நம்பிவிட்டார்கள்!

அதன்பின் ஸ்காட் பால்மன் என்ற நிபுணர் ஒரு யோசனை சொன்னார். வேடிக்கையாக எழுதினால் பக்கத்தில் :-) என்று போடுங்கள் என்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும் முகம் தெரியும். அன்று தேதி செப்டம்பர் 19.

2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இன்னும் வேடிக்கையானது. கேலியாகச் சில வாக்கியங்களையும், நிஜமாகச் சில வாக்கியங்களையும் மாணவர்கள் இ-மெயிலில் அனுப்பினார்கள். 100-க்கு 78 சரியாகப் புரியும் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். புரிந்தது 56 தான்! காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 சரியாக இருந்திருக்கும்.

காரணம் என்ன? எழுதுகிறவர் மனதில் தன் குரல் கேட்கிறது. படிக்கிறவருக்கும் அது கேட்கும் என்று நம்பிவிடுகிறார்.

பொம்மை போதுமா?

இப்போது பொம்மை முகங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அதிலும் ஆபத்து உண்டு. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகம் ஒன்று இருக்கிறது. சில பெரியவர்கள் அதை அழுகிற முகம் என்று நினைத்து, சாவுச் செய்திக்கு அனுப்பிவிடுகிறார்கள்! பொம்மையைவிட ஒரு வார்த்தை மேல். "சரி" என்பதற்குப் பதில் "சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டு நீலக் குறி விழுந்தும் பதில் வராவிட்டால் கோபிக்கிறவர்கள் உண்டு. செய்தியைத் திறந்தார் என்பதற்குத்தான் நீலக் குறி. அவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

ரயில் நேரமா, மளிகைக் கணக்கா, விலாசமா? தாராளமாக எழுதலாம். பணத் தகராறு, சம்பந்தப் பேச்சு, மன்னிப்பு இவற்றை எழுத்தில் வைக்கவே கூடாது. போன் செய்து பேசவேண்டும். "என்னம்மா, வருத்தமா?" என்று மகன் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

முப்பது சொந்தக்காரர்கள் படிக்கும் குடும்பக் குழுவில் ஒருவரைக் கண்டிப்பது எல்லாவற்றையும்விட மோசம். எழுதிவிட்டுப் பயந்து அழித்தாலும் பயன் இல்லை. அழித்தார் என்று அந்த இடத்தில் ஒரு வரி நிற்கும். என்ன எழுதினார், ஏன் அழித்தார் என்று முப்பது பேரும் இரவெல்லாம் யோசிப்பார்கள்.