வெற்றியில் பங்காளி; தோல்வியில் யாரோ!

நெய்வேலி இரண்டாம் சுரங்கத்துப் பக்கம் ஒரு தேநீர்க் கடை. இரவுப் பணி முடித்து வந்தவர்கள், கண்ணில் தூக்கமும் காலணியில் ஈரமண்ணுமாக நின்றிருந்தார்கள். அவர்களுள் ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளி, முப்பதைத் தாண்டாத வயது, நம்மைத் தனியே அழைத்துக் கேட்டார்:

"அண்ணே, ஜெயிச்சவன்னு எழுதி எனக்குக் காகிதம் கொடுத்திருக்காங்க. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தா நாலாயிரம் குறையுது. இது எப்படிண்ணே?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். வருமான வரி பிடித்ததற்கான சான்று. நண்பர்களோடு கோவாவுக்குப் போனவர், பனாஜியில் மாண்டவி ஆற்றின்மேல் நிற்கும் சூதாட்டக் கப்பல் ஒன்றில் ஏறியிருக்கிறார். இயந்திரத்தில் சீட்டாட்டம், கைக்கு நூறு ரூபாய். இரண்டு இரவில் அறுபதாயிரம் போயிற்று. வீட்டுக்கு மேல்தளம் போட ஏலச்சீட்டில் எடுத்த பணம் அது. சீட்டுப் பணத்தை எடுத்துச் சீட்டிலேயே போட்டார் என்று சிரிக்கத் தோன்றும். அவர் முகத்தைப் பார்த்த நமக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது, ஒரே நிறத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் என்று ஐந்தும் வரிசையாக விழுந்தன. எண்ணூறு மடங்கு! எண்பதாயிரம்! கூட இருந்தவர்கள் தோளில் தூக்கி ஆடினார்கள். காசாளர் முன் போய் நின்றபோது கையில் வந்தது ஐம்பத்தாறாயிரம். இருபத்து நாலாயிரம் வருமான வரிக்குப் பிடித்தம்.

போட்டது அறுபது; வந்தது ஐம்பத்தாறு. நட்டம் நாலாயிரம். ஆனால் சர்க்கார் கணக்கேட்டில் அவர் எண்பதாயிரம் வென்ற பாக்கியசாலி!

இதில் எவரும் திருடவில்லை. சட்டப்படி நடந்தது. அதுதான் பேசப்பட வேண்டிய செய்தி.

லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் இவற்றில் வென்ற பணத்துக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் சரி, அதை மாற்றி எழுதிய 2025ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, 30 விழுக்காடு என்று ஒரே விகிதம் வைத்தன. வென்றவன் மாதம் பதினையாயிரம் வாங்குபவனா, கோடீசுவரனா என்ற பேதம் அடிப்படை விகிதத்தில் இல்லை. வரி கட்ட வேண்டாத ஏழைக்கென்று உள்ள அடிப்படை விலக்கு வரம்பு இங்கே செல்லாது. முதல் ரூபாயிலிருந்தே முப்பது. ஒரே வெற்றி பத்தாயிரத்தைத் தாண்டினால், கொடுக்கும் இடத்திலேயே பிடித்துவிடுவார்கள். சரி, அந்த வெற்றிக்காகத் தோற்ற அறுபதாயிரத்தைக் கழிக்கலாமா? கூடாது. அடுத்த ஆண்டுக் கணக்குக்கு எடுத்துப் போகலாமா? அதுவும் கூடாது. தேநீர்க் கடை நண்பர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "ஜெயிச்சா பங்குக்கு வர்றாங்களே, தோத்தப்ப எங்கண்ணே போனாங்க?"

அமெரிக்காவில், கணக்கு வைத்திருக்கும் ஆட்டக்காரன் தோல்வியை வெற்றியில் கழித்துக்கொள்ள வழியுண்டு. அதையும் 2025இல் நிறைவேற்றிய சட்டத்தால், 2026 முதல் 90 விழுக்காடு வரைதான் என்று சுருக்கினார்கள். அங்கே சூதாட்டக்காரர்கள் குய்யோ முறையோ என்று கூவினார்கள். இங்கே பூச்சியம், கூவுவதற்கும் ஆளில்லை.

சூதாடுகிறவர்களுக்கு வரிச் சலுகை கேட்டு நாம் பேனா பிடிக்கவில்லை. நாம் சொல்ல வந்தது வேறு. "இது அதிர்ஷ்டமல்ல, திறமை, திறமைசாலி வெல்வான்" என்று சினிமா நட்சத்திரங்களை வைத்து ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தார்களே, அந்தத் திறமை என்ற பொய்யை இந்த வரிக் கணக்கே உடைத்துப் போடுகிறது என்பதைப் பாருங்கள்.

இயந்திரச் சீட்டாட்டத்தில் ஐந்து சீட்டு திரையில் விழும். வேண்டாததைக் கழித்து, ஈடாக வேறு சீட்டு ஒரே ஒருமுறை வாங்கலாம். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதில்தான் ஆடுகிறவன் மூளைக்கு வேலை. லாஸ் வேகாஸ் நகரத்து ஆட்டக்காரர்கள் இதைக் கணக்குப் போட்டு அட்டவணையாகவே வைத்திருக்கிறார்கள். ஃபுல் ஹவுசுக்கு ஒன்பது மடங்கும் ஃப்ளஷுக்கு ஆறு மடங்கும் தரும் நல்ல இயந்திரத்தில், ஒரு பிழையும் இல்லாமல் ஆடினால், போட்ட நூறு ரூபாய்க்குச் சராசரியாக 99 ரூபாய் 54 காசு திரும்பி வரும். எட்டும் ஐந்துமாகக் குறைத்து வைத்த இயந்திரத்தில் 97 ரூபாய் 30 காசுதான். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே பெட்டி, ஒரே விளக்கு, ஒரே சத்தம்!

நல்ல இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். நட்டம் நூற்றுக்கு 46 காசு. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இனித்தான் வேடிக்கை. நம் நண்பருக்கு விழுந்த அந்த எண்ணூறு மடங்குக் கை, பிழையின்றி ஆடுகிறவனுக்கும் ஏறத்தாழ நாற்பதாயிரம் ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆனாலும் திரும்பி வரும் 99.54இல் ஏறத்தாழ இரண்டு ரூபாய் அந்த ஒரே ஒரு கையிலிருந்துதான் வருகிறது. கைக்கு நூறு ரூபாய் என்று ஆடுகிறவனுக்கு, பத்தாயிரத்தைத் தாண்டிப் பிடித்தத்துக்கு ஆளாவதும் அந்தக் கை ஒன்றுதான்; அதற்கு அடுத்த பெரிய கைக்கு ஐயாயிரந்தான். அந்த இரண்டு ரூபாயில் முப்பது விழுக்காடு, அறுபது காசு, டில்லிக்குப் போகிறது. 46 காசு நட்டம் ஒரு ரூபாய் ஐந்து காசு ஆகிறது! உலகத்திலேயே கெட்டிக்கார ஆட்டக்காரனின் நட்டம், ஒரு சீட்டைக்கூடத் தவறாகப் போடாமல், இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அவன் திறமை எங்கே போயிற்று?

இது பிடித்தத்தின் கதை மட்டும். வாசலில் ஒன்று இருக்கிறது. 2023 அக்டோபர் முதல், சூதாட்ட விடுதியில் வாங்கும் காசுவில்லைகளின் முழு மதிப்பின்மேல் 28 விழுக்காடு ஜி.எஸ்.டி.; 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. நூறு ரூபாய் வில்லைக்கு நாற்பது ரூபாய் வரி! விடுதிக்காரர் அதை வெளிப்படையாக வாங்குவாரோ, வேறு வழியில் தேற்றிக்கொள்வாரோ, அவர் பையிலிருந்து தர்மம் செய்யப் போவதில்லை. 46 காசை மிச்சப்படுத்த அட்டவணை மனப்பாடம் செய்கிறவன், நாற்பது ரூபாயைக் கதவருகே இறக்கிவைத்துவிட்டு உள்ளே போகிறான்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஏறத்தாழ ஐந்தாறு கனமீட்டர் மேல்மண்ணை அகற்றுகிறோம். ஊற்றுநீரை இரவும் பகலும் இறைக்கிறோம். ஆனாலும் அடியில் நிலக்கரி இருப்பது உறுதி. இங்கேயோ மேல்மண் மட்டுந்தான். அடியில் இன்னொரு மேல்மண்.

மாண்டவிக் கப்பலுக்குப் போகிறவர் ஆயிரத்தில் ஒருவர். கைப்பேசியில் ரம்மியும் போக்கரும் வந்தபின், கப்பல் ஒவ்வொருவர் தலையணைக்கும் வந்துவிட்டது. அதைத் தடுக்கத் தமிழ்நாடு பட்ட பாடு நாடறிந்த கதை. 2021இல் வந்த சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே ரத்துச் செய்தது. நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையைப் பெற்று, அவசரச் சட்டம் பிறப்பித்து, 2022 அக்டோபர் 19இல் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. என்ன ஆயிற்று? அன்றைய ஆளுநர் ஆர்.என்.ரவியின் மேசையில் ஏறத்தாழ நான்கரை மாதம் கிடந்தது. அதற்குள் அவசரச் சட்டம் காலாவதியாயிற்று. 2023 மார்ச்சில், சட்டமன்றத்துக்கு இதற்கு அதிகாரமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, மாநிலப் பட்டியல், 34ஆம் இனம்: பந்தயமும் சூதாட்டமும். அதைப் படிக்க நான்கரை மாதமா? மார்ச் 23இல் மன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 7இல் ஒப்புதல் கிடைத்தது.

அந்த ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. ஆன்லைன் ஆட்டங்களில் வென்ற நிகரத் தொகையில் 30 விழுக்காடு பிடிக்கும் புதிய விதியை, 2023 ஏப்ரல் 1 முதல் டில்லி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு கதவை மூடக் கையெழுத்துக்குக் காத்து நின்றபோது, டில்லி அதே கதவருகே கல்லாப் பெட்டி வைத்து உட்கார்ந்தது. இடைவெளி ஆறே நாள்!

கல்லாவும் நிறைந்தது. ஆன்லைன் ஆட்டங்களின் ஜி.எஸ்.டி. வருவாய் ஆறே மாதத்தில் 1,349 கோடியிலிருந்து 6,909 கோடியாக, 412 விழுக்காடு உயர்ந்ததாக 2024 செப்டம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பெருமிதத்தோடு கணக்குச் சொன்னார். வரியை உயர்த்தினால் சூது குறையும் என்று வாதாடிய பொருளாதார மேதைகள் இந்த எண்ணை ஒருமுறை உரக்கப் படிக்கட்டும்.

பிறகு 2025 ஆகஸ்டு வந்தது. பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாமே தீமை, திறமை என்றாலும் அதிர்ஷ்டம் என்றாலும் தீமையே என்று நாடாளுமன்றம் இரண்டே நாளில் சட்டம் இயற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். நடத்துகிறவனுக்கு மூன்றாண்டுச் சிறையும் ஒரு கோடி வரை அபராதமும். ஆண்டுக்கு ஏறத்தாழ 45 கோடிப் பேர் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது ஒன்றிய அரசுத் தரப்பின் மதிப்பீடு. நல்ல சட்டம்; வரவேற்றோம். ஆனால் கேட்கிறோம்: தமிழ்நாட்டின் மசோதா நான்கரை மாதம் தூங்கியதே, அப்போது இந்த இருபதாயிரம் கோடி உங்கள் கண்ணில் படவில்லையா? சென்னையில் இயற்றினால் அதிகாரமில்லை. டில்லியில் இயற்றினால் அறநெறி! அந்த மாதங்களில் கடன் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் வீட்டுக்கு யார் போய் விளக்கம் சொல்வது?

நம்மை நோக்கியும் ஒரு விரல் நீளும். 1968இல், அண்ணா முதலமைச்சராயிருந்தபோது, தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டுத் தொடங்கவில்லையா? தொடங்கியது. மறைக்கவில்லை. சீட்டு விழாதவனின் ரூபாய் பள்ளிக்கும் பாலத்துக்கும் போகும் என்று நல்லெண்ணத்தோடு தொடங்கியது. பிற்காலத்தில் தனியார் லாட்டரிக்காரர்கள் அந்த வழியே நுழைந்து, நாள்தோறும் குலுக்கல் வைத்து, கூலிக்காரனின் மாலை வேளையைச் சூறையாடினார்கள். 2003 சனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. ஜெயலலிதா அரசு செய்தது என்பதற்காக அதைக் குறைத்துப் பேசமாட்டோம். சூதில் அரசு பங்குக்குப் போனால் முடிவு என்னாகும் என்று நாம் பட்டே கற்றோம். அதனால்தான் டில்லியிடம் இதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. கேரளம் இன்றும் லாட்டரி நடத்துகிறது. 2023 ஓணம் பம்பரில் 25 கோடி திருப்பூர்க்காரர் நால்வருக்கு விழுந்தபோது தமிழ்நாடே வாய்பிளந்தது. முகவர் பங்கு பத்து விழுக்காடும், மிச்சத்தில் வரி முப்பதும் போனால் நிற்பது 15 கோடியே 75 இலட்சம். கூடுதல் வரியும் மேல்வரியும் அதற்குப் பிறகு. 500 ரூபாய்ச் சீட்டு வாங்கி விழாமல் போன இலட்சக்கணக்கானோரைப் பற்றி அன்று எந்தத் தொலைக்காட்சியும் பேசவில்லை.

நம் சட்டத்திலும் ஓட்டை உண்டு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் ஆணையம் விதி செய்தது: நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்தாடும் ஆட்டம் கூடாது. சென்னை உயர்நீதிமன்றமும் அந்த ஜூனில் அதை ஏற்றது. நல்லதுதான். ஆனால் நெய்வேலியில் நள்ளிரவு யாருக்கு, எப்போது? மூன்று முறைப் பணியில் உழலும் ஊர் இது. இரவெல்லாம் சுரங்கத்தில் நின்றவனுக்குக் காலை பத்து மணிதான் நள்ளிரவு. வீட்டில் எல்லாரும் வெளியே போயிருப்பார்கள், தூக்கம் வராது, கையில் கைப்பேசி. விதி எழுதியவர்கள் பத்து மணிக்கு அலுவலகம் போகிறவனை மனத்தில் வைத்து எழுதினார்கள். டில்லிச் சட்டத்தால் பெரிய நிறுவனங்கள் பணம் கட்டும் ஆட்டத்தை நிறுத்திய பிறகும், வெளிநாட்டிலிருந்து நடத்தும் செயலிகளுக்கு நள்ளிரவும் இல்லை, ஐந்து மணியும் இல்லை.

டில்லி, சென்னை இரண்டுக்குமே சொல்கிறோம், ஏனெனில் ஜி.எஸ்.டி.யில் மாநிலத்துக்கும் பங்குண்டு. சூதிலிருந்து வந்த இந்தக் கோடிகளைப் பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல், கந்துக்காரனிடமும் கடன் செயலிகளிடமும் சிக்கிய குடும்பங்களை மீட்கத் தனி நிதியாக ஒதுக்குங்கள். முறைப்பணித் தொழிலாளர் வாழும் ஊர்களில், தொழிற்சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, இந்த நோய்க்கு ஆலோசனை சொல்லும் இடம் ஒன்றைத் தொடங்குங்கள்; நெய்வேலியிலிருந்தே தொடங்கலாம்.

தேநீர்க் கடை நண்பர் கடைசியாகக் கேட்டது, இருபத்து நாலாயிரத்தைத் திரும்ப வாங்க மனு எதாவது உண்டா என்று. இல்லை என்றோம். ஏலச்சீட்டில் இன்னும் பதினொரு தவணை பாக்கி என்றார்.